துணை நிற்போர்க்குத் துணை



கல்வராயன் மலையை அடுத்தது கள்ளக்குறிச்சி நகர். 2024 ஜூன் திங்களில், அந்நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதந்தோறும் 5,000 ரூபாய் வழங்குவதாக அரசு அறிவித்தது. நல்ல செயலே. ஆயினும் என் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. மகனையும் மருமகளையும் பறிகொடுத்துப் பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்குத் துணை யார்? தன் துயரை அவள் யாரிடம் உரைப்பாள்?

இதற்கு விடை சென்னையில் உண்டு. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய பணியே இன்றைய டி.டி.கே. மருத்துவமனை. அங்கே சிகிச்சை குடிப்பவரோடு நிற்பதில்லை. மனைவியரும் பெற்றோரும் கூடியமர்ந்து பேசவும் தெளிவு பெறவும் தனி ஏற்பாடு உண்டு. ‘குடி ஒரு நோய், அதற்கு நான் காரணமல்ல’ என்று உணரும் பெண் தலை நிமிர்கிறாள். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தி, இம்முறையைச் சிற்றூருக்கும் கொண்டு சென்றனர்.

மலையூர்களுக்கும் இது அரிதன்று. பெரிய கட்டடம் வேண்டா. பள்ளித் திண்ணையும், திங்களுக்கு ஒரு மாலையும், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் போதும்.

உங்கள் வகுப்பிலும் தந்தையின் குடியால் நாணித் தலைகவிழும் தோழன் இருக்கலாம். அவனை விட்டு விலகாதீர்கள். நீங்கள் பொறுமையோடு செவி கொடுத்தால், அதுவே அத்தகைய கூட்டத்தின் தொடக்கம்.