எறும்பு அறியுமுன் நாம் அறிவோம்



சலரோகம் என்று நாம் சொல்லும் நீரிழிவு நமக்குப் புதியதன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நம் முன்னோர் அதனை அறிந்தனர். 1776இல் மத்தேயு டொப்சன் என்ற ஆங்கில வைத்தியர் அவ்வினிப்பு சர்க்கரையே என நிறுவினார். ஆயினும் எறும்பு பிந்தி வரும் சாட்சி. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் இறங்கும்.

ஆகவே இன்று வைத்தியர்கள் இரத்தத்தையே ஆராய்கின்றனர். எட்டு மணி நேரமாவது உண்ணாதிருந்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலாயின் நீரிழிவு. 100 முதல் 125 வரையாயின் அதன் வாசற்படி என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்துள்ளது. நோய்க்குறி இல்லாதவர்க்கு மறுமுறை சோதித்தே முடிவு சொல்வர்.

இங்கேதான் கடல் நடுவே வாழும் நமக்கு ஓர் இடர். என் அம்மம்மா வெறுவயிற்றுடன் ஊர்காவற்றுறைக்குப் படகேறினார். தலை சுற்றுமென அஞ்சிச் சீனி போட்ட தேநீர் குடித்துவிட்டார். அன்றைய சோதனை வீணாயிற்று. இரத்தத்தை இங்கேயே எடுத்து அனுப்பினாலோ, குழாயிலுள்ள குருதிக் கலங்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். உடனே பிரித்தோ குளிர்வித்தோ வையாவிடின் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை குறையும். கரையில் 130 ஆக இருந்தது அக்கரையில் 122 ஆகலாம். நோயாளி நோயற்றவராகிவிடுவார்!

இதற்கு மாற்று ஒன்றுண்டு. இரத்தச் சர்க்கரை ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். செங்கலம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்திருக்கும். நீரிழிவுக்காரரிடம் இவ்வீமோகுளோபின் மிகுந்திருப்பதை 1968இல் ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பார் கண்டார். எச்.பி.ஏ.வன்.சி. எனப்படும் இச்சோதனையை 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம் நோயறிய ஏற்றது. 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. 5.7 முதல் 6.4 வரை வாசற்படி என்பது அமெரிக்கச் சங்கத்தின் கணக்கு. பட்டினி வேண்டாம், படகுப் பயணத்தில் அளவும் எளிதில் மாறாது. ஆனால் இரத்தசோகை உள்ளவரிடம் இது பிழை காட்டக்கூடும். அதனை வைத்தியரிடம் முன்னரே சொல்லவேண்டும்.

2005-2006இல் இலங்கையில் நடந்த ஆய்வில், நீரிழிவுள்ளோரில் நூற்றுக்கு 36 பேர் தம் நோயை அறியாதிருந்தனர். யுத்தத்தினால் வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் சேரவில்லை. நம்மை எண்ணாத கணக்கே அவ்வளவு!

வாசற்படியில் நிற்பவர் திரும்பலாம். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் மூன்றாண்டுகளில் நோய் வருவதை நூற்றுக்கு 28.5 குறைத்தன.

வாலிபர்களே, இம்மாதமே உங்கள் தாய் தந்தையரைப் படகேற்றிக் கூட்டிச் செல்லுங்கள். வெறுவயிற்றுச் சோதனையாயின் கையில் சோற்றுப் பொதி இருக்கட்டும். இரத்தம் கொடுத்ததும் உண்ணலாம். பெரியோர்களே, பிள்ளைகள் அழைத்தால் மறுக்காது வாருங்கள். எறும்பு வரும்வரை காத்திராதீர்கள்.