அரசுக்கு எதற்கு மதம்?



நாத்திகம் பெருகிவிட்டது, அதனால்தான் நாடு கெட்டுப்போகிறது என்ற பேச்சை இந்தக் கண்டியில் இப்போது நாலா பக்கமும் கேட்கிறோம். விகாரையில் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்கிறார்கள், நம்முடைய திருவிழாச் சொற்பொழிவிலும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

பெருகிவிட்டது என்றால், எந்தக் கணக்கில்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 37 பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று எழுதினார்கள். எழுத இடம் இருந்தது, எழுதினார்கள். நம் நாட்டின் 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள். பௌத்தர், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர், மற்றவர். அத்தோடு முடிந்தது. மதம் இல்லாதவருக்கு என்று ஒரு நிரல்கூட இல்லை. அரசு எண்ணவே எண்ணாத மனிதர்கள் மீது நாட்டைக் கெடுத்த பழியைப் போடுகிறீர்கள்!

கண்டியைக் கெடுத்தது யார் என்று கண்டியிடமே கேட்போம். கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் அடித்துப் போகலாமா கூடாதா என்று ஒரு வழக்கு. அந்தப் பகை 1915 மே மாதம் வெசாக் காலத்தில் கண்டித் தெருவில் கலவரமாக வெடித்து நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. நூறு வருஷம் கழித்து 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனயும் தெல்தெனியவும் எரிந்தன. கடை எரிந்தது, வீடு எரிந்தது, பள்ளிவாசல் எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞன் செத்துக் கிடந்தான். நெருப்பு வைத்த கூட்டத்தில் கடவுள் இல்லை என்று கோஷம் போட்டவன் எவன்? ஒருவனைக் காட்டுங்கள்.

ஸ்டாலின் தேவாலயங்களை இடித்தானே என்பார்கள். இடித்தான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். மனிதனுடைய மனச்சாட்சிக்குள் அரசு கை நீட்டினால் அந்தக் கையில் சிலுவை இருந்தாலும் குற்றம், தர்மச்சக்கரம் இருந்தாலும் குற்றம், அரிவாளும் சுத்தியலும் இருந்தாலும் குற்றம். என் சண்டை அந்தக் கையோடுதான். கும்பிடுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. என் தாய் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவள். அவள் கும்பிட்டதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

2019ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து அப்பாவிகளைக் கொன்றார்கள், அதுவும் மதத்தின் பெயரால். மே 31ஆம் திகதி பாராளுமன்ற உறுப்பினரான அத்துரலியே ரத்தன தேரர் இதே நகரத்தில் தலதா மாளிகைக்கு முன்னால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்தார். கிழக்கு மாகாண ஆளுநர் ஹிஸ்புல்லாஹ், மேல் மாகாண ஆளுநர் அசாத் சாலி, அமைச்சர் ரிஷாத் பதியுதீன் மூவரும் பதவியை விட்டுப் போக வேண்டும் என்பது கோரிக்கை. அவர்கள் மீது குற்றம் இருந்தால் விசாரிக்கப் பொலிஸ் இருக்கிறது, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் யார் சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்? கடைகள் மூடின. கூட்டம் திரண்டது. ஜூன் 3ஆம் திகதி ஆளுநர்கள் இருவரும் விலகினார்கள். அன்றைக்கே அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள், இராஜாங்க அமைச்சர்கள், பிரதி அமைச்சர்கள் ஒன்பது பேரும் கூட்டாக விலகினார்கள். வாக்குச்சீட்டு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு சமூகத்தின் பிரதிநிதிகள் எல்லோரையும் நாலே நாளில் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றியது எது? காவி உடுத்தவர் அந்த வாசலில் உட்கார்ந்தால் அரசு மண்டியிடும் என்று எழுபது வருஷமாக நாம் பழக்கி வைத்திருக்கிறோம், அதுதான்.

இந்தப் பழக்கத்தின் வேர் எங்கே? தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள மகுல் மடுவவில் 1815 மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகளும் வெள்ளைக்காரனும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். புத்த மதத்துக்குப் பங்கம் வராது என்று அதன் ஐந்தாம் பிரிவு உறுதி கொடுத்தது. நாட்டைக் கைப்பற்ற வந்தவன் கொடுத்த வாக்கு அது. சுதந்திர நாட்டுக்கு அது எதற்கு? ஆனாலும் 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் ஏறியது. அதை வகுத்த அமைச்சர் யார்? சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. வாழ்நாள் முழுக்க மார்க்சியம் பேசியவர், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நாட்டை இரண்டாக்கும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர், அவருடைய கையாலேயே அது ஏறியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். நம்பிக்கை உள்ளவர் செய்திருந்தால் புரிந்துகொள்ளலாம். நம்பாத மனிதர் வாக்குக்காக இடம் கொடுத்தார். 1978 அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையிலும் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பத்தாம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. ஒரு மதத்தைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்று எழுதிவிட்டு, மற்ற எல்லோருடைய மனச்சாட்சியும் சமம் என்று எப்படிச் சொல்வது?

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயமல்ல. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். கடவுள் நம்பிக்கை இல்லாத தாய் தகப்பனின் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் என்ன நடக்கிறது தெரியுமா? சமய பாட நேரத்தில் வகுப்பு பிரிகிறது. சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, முஸ்லிம் பிள்ளைகள் ஓர் அறைக்கு. இந்தப் பிள்ளை புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறது. "நீ எந்தச் சமயம்?" என்று டீச்சர் கேட்கிறார். பதினொரு வயதுப் பிள்ளை ஏதோ ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அரசாங்கம் நடத்துகிற பாடசாலையில் பிள்ளை முதலில் படிப்பது பொய் சொல்ல! தமிழ்நாட்டில் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா வருஷக்கணக்கில் போராடி, சாதியும் மதமும் அற்றவர் என்று 2019இல் சான்றிதழ் வாங்கினார். நம் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டாம், அந்த ஒரு பாட நேரத்துக்கு உட்கார ஒரு கதிரை போதும்.

எழுத்திலும் பேச்சிலும் இதே கதைதான். 1871இல் கம்பளையில் பிக்குகளும் பாதிரிமாரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். உன் வேதம் பொய், என் வேதம் மெய் என்று ஊர் கூட்டிப் பேசினார்கள். அதற்காக யாரும் மறியலுக்குப் போகவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம் நிலைமை என்ன? 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் விகாரையைக் களமாக வைத்து ஒரு சிறுகதை எழுதினார். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். 2020இல் நம் கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், முஸ்லிம்கள் மீதான வெறுப்பை எழுத்தால் எதிர்ப்போம் என்று பேஸ்புக்கில் பதிந்தார். ஐந்து மாதம் மறியல். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2023இல் சொன்னது. இருவர் மீதும் பாய்ந்தது எந்தச் சட்டம்? மனித உரிமையைக் காக்க 2007இல் கொண்டுவந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். ஒருவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம். மதம் அரசில் ஏறினால் அடி விழுவது நாத்திகனுக்கு மட்டுமல்ல.

கொரோனா காலத்தை மறந்துவிட்டீர்களா? காளி அம்மன் சொல்லித் தந்த மருந்து என்று கேகாலையில் ஒருவர் பாணி காய்ச்சினார். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கெமராவுக்கு முன்னால் அதைக் குடித்தார். ஆயிரக்கணக்கான சனம் நோய்க்காலத்தில் நெருக்கியடித்து வரிசையில் நின்றது. அடுத்த மாதமே அமைச்சருக்குக் கொரோனா. அதே மாதங்களில், புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், முஸ்லிம்களின் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்கள். பிறந்து இருபது நாளான ஒரு சிசுவையும் எரித்தார்கள். பிள்ளையைப் புதைக்கக் கேட்ட தகப்பனுக்கு விஞ்ஞானம் என்று பொய் சொன்ன அரசு, அம்மன் மருந்துக்கு வாயைத் திறந்தது.

இதே நாட்டில்தான் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் வாழ்ந்தார். திருவல்லாவில் பாதிரியார் வீட்டில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்தவர். ஏமாற்று இல்லாமல் ஓர் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் கண்மூடும்வரை அந்தப் பணத்தை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. மலையகத்தில் இளஞ்செழியன் தோட்டம் தோட்டமாக நடந்து சுயமரியாதை பேசினார். அவருடைய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தை 1962இல் அரசு தடை செய்தது. லயத்தில் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கிற தமிழன் வேண்டாம், திருவிழாவுக்குக் கோயில் காசு பிடிக்கிறபோது பேசாமல் இருக்கிற தமிழன் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

2025 ஏப்ரலில் பதினாறு வருஷத்துக்குப் பிறகு தலதா மாளிகையில் புத்தரின் தந்ததாதுவைக் காட்சிக்கு வைத்தார்கள். லட்சக்கணக்கானோர் வந்து இரவு பகலாகத் தெருவில் வரிசையில் நின்றார்கள். கண்டி முஸ்லிம்கள் பள்ளிவாசல் கதவைத் திறந்து, வந்த பௌத்தர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். எந்த உறுப்புரை அவர்களுக்கு அப்படிச் சொன்னது? மக்களுக்குள் அந்த மனம் இருக்கிறது. அதற்கு ஒன்பதாம் உறுப்புரை தேவையில்லை.

வாசலில் மேசை மீது ஒரு மனு வைத்திருக்கிறோம். மூன்று கோரிக்கை: பாடசாலையில் சமய பாடத்தைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட வேண்டும், குடிசன மதிப்பீட்டில் மதம் இல்லாதவருக்கு ஒரு நிரல் வேண்டும், ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தை எழுத்தாளர் மேல் பாய்ச்சக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. திருநீறு பூசியவரும் தொப்பி போட்டவரும் கையெழுத்து வைக்கலாம். கையெழுத்து வைக்கிறவர் முகவரியையும் முழுதாக எழுதுங்கள், முகவரி இல்லாத மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.