பிழையறப் பார்த்துக் கொடுங்கள்
(புதூரிற் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் மின்சுற்றுப் பலகையைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலருக்கு வியப்பாகலாம். எம்மிடம் பயின்ற நம் குலத்து இளைஞர் ஒருவர்க்கு நேர்ந்த நஷ்டமே எம்மை இதற்குத் தூண்டியது.

கிணற்றுப் பம்புசெட்டைக் கைபேசியால் இயக்கும் கருவியொன்றை அவர் தாமே வகுத்தார். அதற்கு உயிர்நிலை மின்சுற்றுப் பலகை. கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த, பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் செப்புத்தாளை ஒட்டி, வேண்டும் தடங்களை மட்டும் காத்து, ஏனைய செம்பை ரசாயனத்தால் அரித்தெடுத்து அதனைச் செய்வர். வீட்டில் நூற்றுக்கணக்கிற் செய்தல் அரிது. ஆதலின் வரைபடம் கொடுத்துப் பிறர் ஆலையிற் செய்விப்பதே வழக்கம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாக்ஸ்கான் ஆலை, ஆப்பிள் கம்பெனி வகுத்த கைபேசிகளைச் செய்து கொடுப்பதும் இத்தகைய ஒப்பந்தத்தினாலேயே.

நம் இளைஞர் அன்னையின் நகையை ஈடுவைத்து, எமது ஜாமீனும் பெற்று, 500 பலகைகளுக்கு ஒருங்கே ஆர்டர் கொடுத்தார். வந்தவற்றுள் ஒன்றேனும் இயங்கவில்லை. மூன்று கால்களையுடைய டிரான்சிஸ்டரின் கால்வரிசையைப் படத்தில் மாற்றி வரைந்திருந்தார்! கையாற் பிரித்துத் திருத்துவதற்கோ கூலி கட்டாது. ஆலையார்மீது குற்றமில்லை. அவர்கள் சோதித்தே அனுப்பினர். ஆனால் அச்சோதனை, பலகை படத்தோடு ஒத்திருக்கிறதா என்பதையே காட்டும். படம் சரியா என்பதைக் காட்டாது. ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்றெழுதிக் கொடுத்தால் அச்சுக்கூடத்தார் அவ்வாறே அடித்துத் தருவரன்றோ? மாணாக்கர் ஏடுகளில் நாள்தோறும் பிழை திருத்தும் யாம், ஜாமீனிற் கையெழுத்திடுமுன், ‘படத்தை வேறொருவர் பார்த்தனரா?’ என்று கேட்டோமில்லை. அப்பழி எம்மைச் சார்ந்தது.

ஆகவே இளைஞர்களே, ஐந்து காரியங்களை மறவாதீர். படத்தைப் பலகையின் அளவிலேயே காகிதத்தில் அச்சிட்டு, உறுப்புக்களை அதன்மேல் வைத்துப் பொருத்தம் பாருங்கள். கால்வரிசையை உறுப்புச் செய்தோரின் விவரத்தாளோடு ஒப்பிடுங்கள். பிறர் ஒருவரையும் பார்க்கச் செய்யுங்கள். உறுப்பு ஒவ்வொன்றின் முழு எண்ணையும் எழுதி, எழுத்துமூலமான சம்மதமின்றி மாற்று உறுப்பு வைக்கலாகாதென்று ஒப்பந்தத்திற் குறியுங்கள். யாவற்றிலும் முக்கியமாக, முதலில் ஐந்து பலகைகள் மட்டும் செய்வித்து, நம் கரிசற்காட்டுக் கிணற்றடியில், சித்திரை வெயிலில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தீப்பெட்டி லேபிள் அச்சிடக் கொடுப்பவரும் மாதிரித் தாளைப் பாராமல் லட்சம் அடிக்கச் சொல்வாரோ?

பெரியோர்களே! அந்த நகை இன்னும் மீளவில்லை. ஆயினும் அவர் படத்தைத் திருத்திவிட்டார். ஐந்து மாதிரிப் பலகைகளுக்கு ஆகும் தொகையைச் சங்கக் கல்வி நிதியினின்று கடனாக உதவுமாறு வேண்டி அமர்கிறோம். இம்முறை படத்தை யாமும் உடனிருந்து ஒப்பு நோக்குவோம்.