பிளாசா ஓட்டலும் எலோயிசும்

 

நான் ‘எலோயிஸ்’ என்னும் நூலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் துறை நண்பர்கள் எழுப்பும் மறுப்பு உங்களில் பலருக்குத் தெரியும். அது சிறுவர் நூலே அன்று, சொகுசு ஓட்டலின் விளம்பரம், பணக்காரப் பிள்ளையின் அடம் என்பது அவர்கள் கட்சி. சிறுவர் இலக்கியத்துக்குக் காடும் வயலும் நீதியும் வேண்டுமாம். இருபது ஆண்டாகக் கேட்டாயிற்று. இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க்கில், சென்ட்ரல் பார்க்கின் தென்கிழக்கு மூலையில், 1907 அக்டோபர் 1 அன்று பிளாசா ஓட்டல் திறக்கப்பட்டது. ஹென்றி ஹார்டன்பர்க் பிரெஞ்சு அரண்மனைச் சாயலில் வடிவமைத்தது. 48 ஆண்டு கழித்து, 1955இல், கே தாம்சன் எழுத, ஹிலரி நைட் படம் வரைய ‘எலோயிஸ்’ வந்தது. தாம்சன் மேடைப் பாடகி. அந்த ஓட்டலிலேயே தங்கியிருந்தவர். பிஞ்சில் பழுத்த பெரியவர்களுக்கான நூல் என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. நண்பர்கள் காட்டும் சான்று இதுதான். எழுதியவர் யாரை நினைத்திருந்தாலும் அதை எடுத்துக்கொண்டவர்கள் குழந்தைகள்.

எலோயிசுக்கு ஆறு வயது. பிளாசாவின் மேல்மாடியில் ஆயாவோடும், ஒரு நாயோடும், ஓர் ஆமையோடும் வாழ்கிறாள். அப்பா கண்ணிலேயே படுவதில்லை. அம்மா எங்கெங்கோ ஊர்களில். லிஃப்டில் ஏறி இறங்குவதும், விருந்து மண்டபத்தில் நுழைவதும், ஊழியர்களின் காலைச் சுற்றுவதுமாக அவள் பொழுது போகிறது. இதில் செல்வச் செருக்கு மட்டுமா தெரிகிறது? பெற்றவர்கள் தொலைவில் இருக்க, சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் கையில் வளரும் பிள்ளை எனக்குத் தெரிகிறாள். லெப்பைக்குடிக்காட்டில், அப்பா வளைகுடாவில் இருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

விளம்பரம் என்கிறார்களே, 1957 முதல் 1959 வரை வந்த மூன்று தொடர் நூல்களையும் தாம்சனே மறுபதிப்பு வராமல் நிறுத்திவைத்தார். 1998இல் அவர் மறைந்த பிறகே அவை மீண்டும் அச்சேறின. விளம்பரத்துக்கு எழுதியவர் செய்கிற காரியமா இது? ஓட்டலும் பலர் கைக்குப் போயிற்று: 1943இல் ஹில்டன், 1988இல் டிரம்ப், 2012இல் நம் கிரிக்கெட் சட்டையில் பெயர் போட்ட சகாரா, 2018இல் கத்தார். ஆனால் எலோயிசை அந்த ஓட்டல் விடவில்லை: கூடத்தில் மாட்டியிருந்த எலோயிஸ் ஓவியம் 1960இல் காணாமற்போனபோது நைட் புதிதாக ஒன்று தீட்டினார். 1964இல் அது சுவரேறியது.

ஓட்டலும் எழுத்தும் இப்படிச் சேரும் இடங்கள் வேறும் உண்டு. 1902இல், பழைய பள்ளிக்கூட நிலத்தில் எழுந்த முசூரியின் சவாய் ஓட்டலையும் அந்த ஊர் எழுத்தாளர் ரஸ்கின் பாண்டின் எழுத்தையும் யாராவது சேர்த்து ஆராய வேண்டும். 

எலோயிசுக்கு ஓட்டல்போல, பிள்ளைகள் விளையாட்டிடமாக்கிக்கொண்ட இந்த ரஞ்சன்குடிக் கோட்டையிலும் ஒரு வேலை இருக்கிறது. 1751இல் இங்கே நடந்த போரை எழுதியாயிற்று. மதிலேறி விளையாடும் பிள்ளைகள் அந்தப் படிகளுக்கும் இருட்டறைகளுக்கும் வைத்திருக்கும் பெயர்களை, மாணவர்கள் ஒரு நோட்டோடு போய் முதலில் எழுதிவரட்டும்.