அந்தி வெளிச்சத்தின் விலை



போன மார்கழியில் ஒரு சாயங்காலம் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். மணி ஆறாகப் போகிறது. என் பைனாகுலர் பதினைந்தாயிரம் ரூபாய். அதில் எதிர்மரம் வெறும் கருந்திட்டாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற நண்பர் கழுத்திலிருந்து தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். ஆஸ்திரியாவில் செய்தது, இரண்டு லட்சத்துக்கு மேல். அதே மரத்தில் இப்போது ஒரு நத்தைகுத்தி நாரை, அதன் காலடியில் குஞ்சு. தாயின் அலகு நடுவில் விரியும் இடுக்கு வழியே வானம் தெரிந்தது. குஞ்சின் அலகில் அந்த இடுக்கு இன்னும் விழவில்லை.

இரண்டுமே 8x42தான். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பிறகு எங்கிருந்து வந்தது வித்தியாசம்?

கண்ணாடியின் மேல் பூசிய பூச்சிலிருந்து. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நூற்றில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பைனாகுலருக்குள் இப்படிப் பத்துக்கு மேல் பரப்புகள் உண்டு. 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ட பூச்சுமுறைதான் அந்த இழப்பைப் பெரிதும் குறைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே சிதறும் ஒளி. அன்று மேற்கு வானம் இன்னும் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு என் குழாய்க்குள் புகுந்து, மரத்தின் மேல் பால் தெளித்தது போல் படர்ந்துவிட்டது. நண்பருடையதில் அதை உள்ளேயே அடக்கியிருந்தார்கள்.

இந்தத் தெளிவு வேட்டைக்காரருக்கு மிகவும் வேண்டியது. ஐரோப்பியக் காடுகளில் மானும் பன்றியும் வெளியே வருவது அந்தியிலும் விடியலிலும்தான். சுடுவதற்கு முன் ஆணா பெண்ணா, கன்றுடன் நிற்கும் தாயா என்று தெரிந்தாக வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் அங்கே அவ்வளவு விலை கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. கருவி மட்டும் பறவை பார்ப்பவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் எனக்கு நிறைவுண்டு.

அப்படியானால் இரண்டு லட்சம் தகுமா? விடியலிலிருந்து இருட்டும்வரை, வருஷம் முழுக்கப் பார்ப்பவருக்குத் தகும். மணிக்கணக்கில் பார்த்தும் கண் வலிக்காது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் குளக்கரைக்குப் போகிறவருக்குத் தகாது. நல்ல வெளிச்சத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொற்பம். முப்பது நாற்பதாயிரத்துக்குள் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது.

ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாக வாங்குங்கள். என் முதல் கருவி அடைக்காதது. இரண்டு மழைக்காலம் கடலோர வீட்டில் இருந்ததில் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை படர்ந்தது. துடைக்க வழியே இல்லை.

'இரவுக்கு நல்லது' என்று 56 மில்லிமீட்டரைக் கடைக்காரர் நீட்டினால், உங்கள் வயதையும் எண்ணிப் பாருங்கள். 8x56 கண்ணுக்குள் அனுப்பும் ஒளிவட்டம் ஏழு மில்லிமீட்டர். ஐம்பது தாண்டியவர்களில் பலருக்கு, இருட்டிலும் கண்பாவை அவ்வளவு விரியாது.

கடைக்குப் பகலில் போகாதீர்கள். விளக்கேற்றும் நேரத்தில் போய், கருவியோடு வாசலுக்கு வாருங்கள். எதிர்ச்சாரி மரத்தடி நிழலில் ஒரே ஓர் இலையின் நரம்பைத் தேடுங்கள். பிறகு விலையைக் கேளுங்கள்.