தடுப்பு மாத்திரைக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு?

(தென்காசியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற மேடையில் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், 'இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

இதை 'பிரெப்' என்கிறார்கள். கிருமி தொற்றிய பிறகு எடுக்கும் மருந்து அல்ல, தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுப்பது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழியாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 99 விழுக்காடு குறைகிறது. தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பரிசோதனை. மற்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் இது தடுக்காது. அதனால் ஆணுறையும் வேண்டும்.

அமெரிக்கா 2012இல் இதற்கு அனுமதி தந்தது. 2018இல் 35 கிலோவுக்குக் குறையாத வளரிளம் பருவத்தினருக்கும் தரலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே பரிந்துரைத்துவிட்டது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை போடும் லெனகாபவிர் ஊசியும் வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. இதையே ஐதராபாத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தரப் போவதாக அறிவித்திருக்கின்றன.

ஆக, மருந்து இருக்கிறது. அதைச் செய்யும் தொழிற்சாலையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. ஆனாலும் 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைப்பதுபோல இந்தத் தடுப்பு மாத்திரை எல்லா ஊர்களிலும் கிடைக்கும் நிலை வரவில்லை. கிடைத்தாலும் நம் பிள்ளைகள் போய்க் கேட்பார்களா? இங்கேதான் சாதி வருகிறது.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி எது என்று காட்டினார்: அகமண முறை. யார் யாரோடு சேரலாம் என்பதைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒரு தலைமுறைகூட நிற்காது. அதனால்தான் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, திருமணத்துக்கு முன் உடல் என்ற ஒன்றே இல்லை என்பதுபோல ஊர் நடந்துகொள்கிறது. இல்லாத உடலுக்கு மருந்து எதற்கு?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் ஒரு கடைக்காரர், 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லி, தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தார். எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்பது ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிற ஊரில், ஒரு பெண் நம்பிக்கை மையத்தின் படியேறினால் அந்தச் செய்தி அவள் வீடு திரும்பும் முன் வீட்டுக்குப் போய்விடும். அவள் காதலிப்பவன் வேறு சாதி என்றால் அந்தச் செய்தி உயிருக்கே உலை வைக்கும். ரகசியம் காப்பது நமக்கு மருத்துவ மரியாதை மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பு.

மறைப்பும் அலட்சியமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாத்தூர் சாட்சி. 2018 டிசம்பரில் அங்கே அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்தவர் 19 வயது இளைஞர். 2016இலேயே அவர் கொடுத்த ரத்தத்தில் கிருமி கண்டறியப்பட்டும் அவருக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது அப்போது வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்ததும் அவராகவே மருத்துவமனைக்குச் சொன்னார். உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளை பிறகு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எச்.ஐ.வி. கிருமியோடு நீண்ட ஆயுள் வாழ இன்று மருந்து உண்டு. அவமானத்துக்குத்தான் மருந்து இல்லை.

இன்னொரு நோயும் நம்மிடம் இருக்கிறது. எச்.ஐ.வி. என்றதும் புளியரை வழியாகப் போகும் லாரி ஓட்டுநரையும், குற்றாலம் சீசனில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியையும், திருநங்கையரையும் கைகாட்டுகிறோம். 'அவர்களுக்கு வரும், நமக்கு வராது' என்பது தீட்டுக் கணக்கு. கிருமிக்குத் தெருவும் தெரியாது, சாதிச் சான்றிதழும் தெரியாது.

'மாத்திரை கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்பார்கள். குடை வாங்கியதால் குற்றாலத்தில் சாரல் விழுவதில்லை, தோழர்களே. கர்ப்பத்தடைக்கும் இதையேதான் சொன்னார்கள். பெரியார் அதைப் பெண் விடுதலைக்காகவே கேட்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கரின் கட்சி கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது. அது தோற்கடிக்கப்பட்டது. நம் முன்னோர் தோற்ற இடத்திலிருந்துதான் நாம் தொடர்கிறோம்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். போக்சோ சட்டம் குழந்தைகளைக் காக்க வந்தது, அது வேண்டும். வன்முறைக்கு ஆளான குழந்தைக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து உள்ளிட்ட அவசர சிகிச்சை தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளே சொல்கின்றன. அந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். புகார் எழுதிய பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அதே சமயம், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ஆனாலும் மருத்துவரிடம் வாய் திறந்தால் காவல் நிலையம் வரை போகும் என்ற பயம் 17 வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது. பயந்த பிள்ளை பரிசோதனைக்கு வராது.

எனவே நாம் கேட்பவை இவை. தடுப்பு மாத்திரையை நம்பிக்கை மையங்கள் வழியாக, தேவைப்படும் 18 வயது நிரம்பிய எவருக்கும் இலவசமாகக் கொடுங்கள். 18க்குக் கீழ் உள்ளவர்கள் பயமில்லாமல் ஆலோசனை பெறவும் பரிசோதித்துக்கொள்ளவும் சட்டத்தில் தெளிவான வழி செய்யுங்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதை மருத்துவமனை ஊழியர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். கல்லூரி செஞ்சுருள் சங்கங்கள் டிசம்பர் 1 பேரணியோடு நின்றுவிடாமல் இந்த மாத்திரையைப் பற்றியும் பேசட்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று. 1097 என்ற இலவச எண்ணை உங்கள் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கேட்கும் தம்பிக்கும் தங்கைக்கும் ஏன் என்று விசாரிக்காமல் கொடுங்கள். தன் உடலைக் காத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று ஒரு பெண் நம்பத் தொடங்கும்போது, சாதியின் பிடியும் அங்கே தளரத் தொடங்கும்.