மனுமேயாவைக் காணுதல்



புறா என்றவுடன் கோயில் மாடமும் தூதுக் கவிதையும் நினைவுக்கு வரும் அவை இது. மாடப்புறாவும் மணிப்புறாவும் அறிந்த இவ்வவைக்கு, பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவுகளில் வாழும் வேறொரு புறாவை அறிமுகம் செய்கிறது இவ்வுரை. அங்குள்ளோர் அதனை மனுமேயா என்பர். அதுவே அந்நாட்டின் தேசியப் பறவை. 20 தாலா நாணயத்தாளில் அதன் உருவம் உண்டு. தாளில் கண்டோர் பலர். காட்டில் கண்டோர் மிகச் சிலர்.

ஏறத்தாழ 30 செ.மீ. நீளம், கரும்பச்சை படர்ந்த தலை, செம்பழுப்பு முதுகு. வியப்புக்குரியது அலகு. செம்மஞ்சள் நிறத்ததாய், கொக்கிபோல் வளைந்து, கீழ்ப்பகுதியில் பற்களை ஒத்த வெட்டுகள் கொண்டது. மாவோட்டா மரத்தின் தடித்த கனியை அவ்வலகால் அறுத்துத் தின்னும். 'சிறிய டோடோ' என்று பொருள்படும் பேரினப் பெயரை அறிவியலார் அதற்குச் சூட்டினர். அது வெறும் உவமையன்று; மொரீசியஸ் தீவில் 17ஆம் நூற்றாண்டில் அழிந்த டோடோவுக்கு அது உறவு என்பதை மரபணு ஆய்வும் காட்டியுள்ளது. நம் நிக்கோபார்ப் புறாவும் அக்குடும்பக் கிளையினதே.

அடர்ந்த மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் ஒதுங்கி வாழும் பறவையைக் கண்ணுக்கு முன் செவிதான் தேட வேண்டும். இடர்ப்பாடு அங்கேதான் உள்ளது. அதே காட்டில் லூபே என்னும் பசிபிக் பெரும்புறாவும் வாழ்கிறது. இரண்டின் குரலும் ஒன்றுபோல் ஒலிக்கும். தேர்ந்த செவியும் ஏமாறும். ஆய்வாளர் ஏமாந்தால் குறிப்பேட்டில் ஒரு வரி பிழையாகும். வேடர் ஏமாந்தால் ஒரு மனுமேயா வீழும். லூபேயின் இறைச்சி அங்கே விருந்துக்குரியது. 1993இல் புறா வேட்டை தடைசெய்யப்பட்ட பின்னரும் அது முற்றிலும் நின்றுவிடவில்லை. மனுமேயாவை யாரும் தேடிச் சென்று சுடுவதில்லை. லூபே என்றெண்ணிச் சுடுகின்றனர். ('ஏதோவொரு பறவை' என்றெழுதி அமைதியடையும் வழக்கம் நம் புதுக்கவிதையிலும் உண்டு.)

1990இலும் 1991இலும் வீசிய பெரும்புயல்கள் காட்டைச் சிதைத்தன. பூனையும் எலியும் எஞ்சியவற்றுக்குப் பகையாயின. 2013இல் சவாயித் தீவில் இளம்பறவை ஒன்று படமெடுக்கப்பட்டது. மறு ஆண்டே, அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் மனுமேயா இடம்பெற்றது. 2025இன் பிற்பகுதியில் காட்டில் தங்கித் தேடியோர் அதனைப் பலமுறை கண்டதாக அறிவித்தனர். ஆனால் கண்ட கண்களே சான்று. படம் எதுவும் கிடைக்கவில்லை.